தூக்கம் கூடுதல்

1

தம்பி மாடசாமி போய் இன்றோடு ஒரு வருடம். இங்கே திதி கொடுக்க வழி இல்லை. ஆறு இருக்கிறது, இறங்க முடியாத குளிர். வேலைக்குப் போனேன்.

ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பது என் வேலை. மூன்றாம் மாடி. அங்கே உறக்கத்தை ஆராய்கிறார்கள். பட்டப்பகலில் ஆட்களைப் படுக்க வைத்து, தலையில் கம்பிகளை ஒட்டி, உறங்கச் சொல்வார்கள். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடும். பேனா முனைகள் வரிசையாக நின்று காகிதத்தில் கோடு இழுக்கும். இன்னும் உள்ளே போனால் பூனைகள்.

இன்று ஒரு ஆள் வந்திருந்தார். பஸ் ஓட்டியவராம். மனைவி கூட இருந்தாள். டாக்டரம்மா அவளிடம், அவர் சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லு என்றாள். அவள் காதில் என்னவோ சொன்னாள். தன் தாயைப் பற்றியோ அவர் தாயைப் பற்றியோ தெரியாது. அவர் சிரிக்கத் தொடங்கினார். தாடை தொங்கியது. தலை தொங்கியது. பிறகு முழங்கால் மடிந்தது. இரண்டு நர்சுகள் தயாராக நின்றார்கள், தாங்கிப் பிடித்து மெத்தையில் கிடத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். டீ கொடுத்தார்கள்.

நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தம்பிக்கும் இதே நோய்தான். அவன் விழுந்த இடங்களில் மெத்தை இல்லை.

நான் நாலாவது வரை படித்தவள். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். நம் பக்கத்தில் வேறு யாராவது இப்படி விழுந்துகொண்டிருக்கலாம். அவர்களைக் குடிகாரன் என்று சொல்லாமல் இருந்தால் போதும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் தகப்பனார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவர். நாங்கள் பிறந்தது சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரை, வரிசையாக வீடுகள். இங்கே இருமினால் கடைசி வீட்டில் கேட்கும்.

மாடசாமிக்கு மீசை முளைத்த வயதில் இது தொடங்கியது. முதலில் உறக்கம். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உறங்குவான், கையில் உருண்டை இருக்கும். நின்றுகொண்டு உறங்குவான். அப்புறம் கண் திறந்தபடியே சொப்பனம். ஒருநாள் மத்தியானம், "ஆனை நிக்கு, ஆனை நிக்கு" என்று கத்தினான். பெண்கள் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆனை இல்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அவனைப் பிடித்து உலுக்கினார்.

"எங்கலே ஆனை?"

"இங்கனதான் சார் நின்னுச்சு. உங்க எடத்துல."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்ததும் துணி அவிழ்ந்து விழுவதுபோல விழுந்தான். அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு லயத்துப் பையன்களுக்கு அது வேடிக்கை. அவனுக்குத் தொட்டாச்சுருங்கி என்று பேர் வைத்தார்கள். அந்தச் செடி எங்கள் பாதையெல்லாம் கிடக்கும். தொட்டால் மடங்கும், கொஞ்ச நேரத்தில் விரியும். அவனும் அப்படித்தான். அவனுக்குக் கோபம் வந்ததில்லை. மற்றவர்களைவிடப் பெரிய நையாண்டிக்காரன் அவன். தானே ஒரு பேச்சைச் சொல்லித் தானே சிரித்துத் தானே விழுவான்.

எங்கள் அம்மா லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டாள். "எம் புள்ளைய எவளாது சிரிக்க வச்சீங்க, அப்புறம் நடக்கிறது வேற. அழ வைக்கணும்னா அழ வச்சுக்கிடுங்க."

கோவிலில் மந்திரித்தோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்தார்கள். பேய் என்றார்கள். சாராயம் என்றார்கள். அவன் சாராயம் தொட்டதில்லை.

ஒருநாள் விழுந்து எழுந்தவனிடம் நான் கேட்டேன். "விழுந்து கெடக்கும்போது எப்படிலே இருக்கும்? மயக்கமா?"

"மயக்கம்லாம் இல்லக்கா. எல்லாம் கேக்கும். நீ கத்துதது, அம்மா ஓடியாரது, கோழி கூவுதது, எல்லாம். கை கால் மட்டும் எனக்குச் சொந்தம் இல்ல. கூப்பிட்டா வராது."

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது மனதை விட்டுப் போகவில்லை.

3

சரிவில் கவாத்து வெட்டப் போனால் உருண்டுவிடுவான். நான் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தேன். என் புருஷன் மரம் விழுந்து இறந்தபோது துரைசாணி கொடுத்த வேலை. அவளிடம் சொல்லித் தம்பியைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றினேன். அந்த நேரத்தில்தான் அவனுக்குக் கல்யாணமும் ஆனது. சரசா பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. பிழைப்புக்குச் சித்தியோடு மலையேறி வந்தவள். அவன் விழுவது தெரிந்தே கட்டிக்கொண்டாள்.

கொட்டகையில் அவன் வேலை சுலபம். தராசில் மூட்டையைத் தொங்கவிட வேண்டும். முள் காட்டுவதைப் பார்த்துக் கூவ வேண்டும். எழுதுவது வேறு ஆள். ஆனால் சாயங்காலம் அந்த நேரத்தில் அவனுக்கு உறக்கம் வரும். உறங்கினாலும் வாய் நிற்காது. முள்ளைப் பார்க்காமல் கனவில் தெரிந்ததைக் கூவுவான். ராக்காயி என்று ஒரு பெண், ஈர்க்குச்சி போல இருப்பாள். அவள் மூட்டைக்கு எழுபது கிலோ என்று கூவினான்.

"ஏலே தம்பி, மூட்டைக்குள்ள என்னையும் வச்சு நிறுத்தாலும் எழுபது வராதேடா!"

அன்றைக்கும் சிரித்தார்கள். அவன் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

ஃபாக்டரி கணக்கும் கொட்டகைக் கணக்கும் ஒத்துவரவில்லை. புகார் போனது. கீழே இருந்து விசாரணைக்கு ஒரு மலையாள அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. அவருக்குத் தமிழ் புரியும் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

தம்பிக்காகப் பேச யூனியனில் ஒருத்தர் வந்தார். மேடையில் அழகாகப் பேசுவார் என்று அவருக்கு மேடை முருகையா என்றே பேர். சாதாரணமாகப் பேசத் தெரியாது. பீடி கேட்டால்கூடச் சொற்பொழிவு மாதிரி கேட்பார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் யாரும் தூக்கம் என்று சொல்வதில்லை. உறக்கம்தான். திருநெல்வேலி வழக்கம் அது. மலையாளத்துக்காரர்களுக்கும் அது உறக்கம்தான். எங்கள் வீட்டுச் சொல்லைச் சொல்லியிருந்தால் அதிகாரிக்கு அப்படியே விளங்கியிருக்கும். மேடை முருகையா நல்ல தமிழில் பேசினார்.

நான் துரையின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எல்லாம் கேட்டது.

"ஐயா, இந்தத் தோழருக்குத் தூக்கம் அதிகம்."

"தூக்கம் கூடுதலாணு, அல்லே?"

"ஆமாம் ஐயா. அளவுக்கு மீறிய தூக்கம்."

"எப்போள் முதல்?"

"சிறு வயது முதற்கொண்டே ஐயா. இதில் ஒளிவு மறைவு கிடையாது."

"எல்லாவர்க்கும் அறியாமோ?"

"தோட்டமே அறியும் ஐயா! ஒருவர் விடாமல் அறிவோம்!"

அதிகாரி எழுதினார். பேனாவை மூடினார். தம்பியைப் பார்த்து, சரிதானா என்று தலையை ஆட்டிக் கேட்டார். தம்பியும் தலையை ஆட்டினான். முருகையா வெளியே வந்து என்னிடம், "தங்கச்சி, கவலையை விடு. உண்மையை உரக்கச் சொல்லிவிட்டேன்" என்றார்.

மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை.

அதிகாரிக்கு விளங்கியது இதுதான். எடையைக் கூட்டிச் சொன்னான். அளவுக்கு மீறிச் சொன்னான். சிறு வயதிலிருந்து இதே வேலை. தோட்டத்துக்கே தெரியும். அவனும் ஒத்துக்கொண்டான்.

வேலை போன உத்தரவு வந்த அன்றைக்கு ஆபீஸ் குமாஸ்தா எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். அவன் மலையாளத்துப் பையன், எங்களோடு தமிழ் பேசுவான். அவனுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "சேச்சி, நிங்கள் ஆளு என்ன சொல்லி வச்சிட்டாரு! தூக்கம்னா எங்களுக்கு எடையாக்கும்" என்றான்.

தம்பி முதலில் சும்மா நின்றான். உதடு துடித்தது. நான், "ஏலே, வேண்டாம், வேண்டாம்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். வேலை போன உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் விழுந்து கிடந்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். காலைத் தூக்கி அவனைத் தாண்டிப் போனார்கள். "காலத்தே குடிச்சிட்டுண்டு" என்றார் ஒருவர். காலையிலேயே குடித்திருக்கிறான் என்று அர்த்தம்.

துரைசாணியிடம் அழுதேன். அவள் துரையிடம் கேட்டாள். அவனே ஒத்துக்கொண்ட பிறகு நான் என்ன செய்வது என்றாராம். உறக்கம் என்றும் எடை என்றும் அவருக்கு இங்கிலீஷில் விளக்க எனக்கு அன்றைக்கு வார்த்தை இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடு இல்லை. அதற்குள் பிறந்திருந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் சரசாவின் ஊருக்கு இறங்கினார்கள். பஸ்ஸில் ஏறும்போது அவன், "எக்கா, கீழ போயும் தமிழ்ப் பேச்சுதான், ஆனா தூக்கம்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு உடனே கம்பியைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி தேடுவது அப்போதே அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

4

துரைக் குடும்பம் தோட்டத்தை விட்டு ஸ்காட்லாந்துக்குத் திரும்பியபோது என்னையும் கூப்பிட்டார்கள். என் மகள் பார்வதியையும் கூட்டி வரலாம் என்றார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. அம்மா இறந்துவிட்டாள். எனக்கு அங்கே யாரும் இல்லை. வந்தேன்.

துரையின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆயா வேண்டாம் என்றானது. ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் கொடுத்தார்கள். சேரும்போது குடும்பப் பேர் என்ன என்று கேட்டார்கள். ஊர்ப் பேர் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சூரியநெல்லி என்றேன். எழுதிக்கொண்டார்கள். அன்று முதல் என் சம்பளக் காகிதத்தில் நான் மிஸஸ் சூரியநெல்லி. நர்சுகள் சுருக்கி நெல்லி என்கிறார்கள். இந்த ஊரில் நெல்லி என்று கிழவிகளுக்குப் பேர் உண்டாம். பேச்சியம்மாள் என்று கூப்பிட இங்கே யாரும் இல்லை.

மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். பூனை அறையைத் துடைக்க மற்றவர்கள் தயங்கினார்கள், எனக்குப் பரவாயில்லை.

ஒருநாள் ஒரு பூனை உறங்கிக்கொண்டே எழுந்து நின்றதைப் பார்த்தேன். கண் எதையும் பார்க்கவில்லை. பதுங்கியது. இல்லாத எலி மேல் பாய்ந்தது. பக்கத்தில் தட்டில் மீன் இருந்தது, திரும்பவில்லை. வாளியை வைத்துவிட்டேன்.

டாக்டரம்மா பார்த்தாள். நல்ல மாதிரி. என்ன நெல்லி, பயமா என்று கேட்டாள். என் தம்பி சிரித்தால் விழுவான் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னை உட்காரச் சொல்லிப் பேசிய முதல் ஆள் அவள்தான்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன்.

மூளையின் அடியில், பிடரிக்கு நேரே, ஒரு தண்டு இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள். இரண்டு கூட்டம். ஒரு கூட்டம் நாம் விழித்திருக்கும்போது ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். உறங்கினால் தட்டுவது குறையும். அது முழுதாக ஓய்ந்ததும் மற்றக் கூட்டம் எழும். அப்போதுதான் சொப்பனம் வரும். சொப்பனம் முடிந்ததும் முதல் கூட்டம் மறுபடி எழுந்து இரண்டாவதை அமுக்கும். ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும். அவள் இரண்டு உள்ளங்கையையும் ஏந்திக் காட்டினாள். இந்தக் கை மேலே, அந்தக் கை கீழே. பிறகு மாற்றி.

தராசு. அவளுக்கு அது தெரியாது. நான் பார்த்தது தராசு.

சொப்பனம் வரும்போது இன்னொன்றும் நடக்கும் என்றாள். உடம்புக்குப் பூட்டு விழும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் எழுந்து ஓடிவிடுவான். அந்தப் பூனைக்கு அந்தப் பூட்டு இருக்கும் இடத்தைச் சேதப்படுத்தி வைத்திருந்தார்கள், அதனால்தான் எழுந்து வேட்டையாடியது. என் தம்பிக்கு நேர்மாறு. விழித்திருக்கும்போதே பூட்டு விழுகிறது. சிரிப்பு வந்தால் போதும். சொப்பனத்துக்கு உள்ள பூட்டு, சொப்பனம் இல்லாமல் தனியாக விழுகிறது. ஏன் சிரிப்புக்கு விழுகிறது என்று யாருக்கும் தெரியாது என்றாள். மற்றதும் முழுசாகத் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

"அவன் குடிப்பதில்லை" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் அம்மா எத்தனை கோவில் படி ஏறியிருப்பாள்.

விழுவதைக் குறைக்க மாத்திரை இருக்கிறது என்றும் சொன்னாள். நோய் போகாது, விழுவது குறையும். ஆனால் பார்க்காத ஆளுக்கு எழுதித் தர முடியாது. அழைத்து வா.

அழைத்து வருவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். நிலையான விலாசம் எது என்று கேட்டார்கள். லயத்து விலாசம் போய்விட்டது. மலையில் கேட்டால், இப்போது எங்கே இருக்கிறாயோ அங்கே போ என்றார்கள். கீழே கேட்டால், எங்கே பிறந்தாயோ அங்கே போ என்றார்கள். இன்னொருவர், தமிழன்தானே, தமிழ்நாட்டில் கேள் என்றார். அவன் அந்தப் படிகளில் உட்கார்ந்து உறங்கினான். இங்கே நான் அனுமதி கேட்டபோது, வருகிற ஆள் நோயாளியா என்றார்கள். ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

எனவே நான் போனேன்.

5

சரசாவின் ஊர் சமவெளி. பனை, கடலைக்காடு, வாய்க்கால். காற்று சூடாக அடிக்கும். மலைக்காரனுக்கு அது சிறை.

அவன் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வாக்கா என்று சொல்லவில்லை. எழவும் இல்லை. அக்காவைப் பார்த்த சந்தோஷத்தில் விழுந்துவிடக் கூடாது என்று கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. அவன் பெண் தேவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, சிரிப்பு வந்தால் வெளியே ஓடிப்போய்ப் புளியமரத்தடியில் நின்று சிரித்துவிட்டு வருவாள். அப்பனுக்கு முன்னால் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளும் அந்தக் குழந்தை. பார்க்க முடியவில்லை.

"ஏனுங் நங்கையா" என்றாள் சரசா. புருஷனின் அக்காவை அவள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சிரிச்சு உளுகற மனுசன்னு தெரிஞ்சுதானுங்க கட்டிக்கிட்டேன். சிரிக்காத மனுசனா ஆயிப்போவாருன்னு ஆரு கண்டா? எழவு ஊடு மாதர இருக்குதுங்க."

"உளுந்தா நீதான தூக்கோணும்" என்றான் அவன், அவள் பேச்சிலேயே. முகம் அசையவில்லை. "கை வலிக்குமல்லோ, அதான் உளுகறதில்ல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாலக்காட்டு டவுனுக்கு அவனைக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சொன்ன மருந்தின் பேரை ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினேன். அவர் நிறையக் கேள்வி கேட்டார். இந்த மருந்து மனநோய்க்குத்தான் கொடுப்பது, இதற்கும் கேட்கும் என்று படித்திருக்கிறேன், கொடுத்துப் பார்ப்போம் என்றார். நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாக விழுவான் என்று இரண்டு தடவை சொன்னார். நானும் சரசாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மாத்திரை வேலை செய்தது. நாலைந்து வாரத்தில் அவன் கட்டிலை விட்டு எழுந்து எங்களைப் பார்த்து உட்கார்ந்தான். நான் டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் அவனுக்குச் செய்து காட்டினேன். ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும் என்றேன்.

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது தராசுல்லாக்கா?"

"ஆமாலே."

"அப்போ அந்த மலையாளத்தார் எழுதினது சரிதான். எனக்குத் தூக்கத்துலதான் கோளாறு. நாமதான் தப்பா வெளங்கிக்கிட்டோம்."

உதடு துடித்தது. நான் எழப் போனேன். "உக்காருக்கா" என்றான். "இத வச்சுத்தான் சோதிக்கணும். இதுக்கு விழலைன்னா எதுக்கும் விழ மாட்டேன்."

வாசலில் போய் நின்றான். எதையும் பிடிக்கவில்லை. மேடை முருகையா குரலில், "ஐயா, இந்தத் தோழருக்குத் தூக்கம் அதிகம்" என்றான். பிறகு அதிகாரி குரலில், "எல்லாவர்க்கும் அறியாமோ?" பிறகு சிரித்தான். முழங்கால் கொஞ்சம் மடிந்தது, நிமிர்ந்தது. தாடை தொங்கியது, ஏறியது. நின்றுகொண்டே சிரித்தான். கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சிரித்தான். தேவி ஓடிவந்து பார்த்தாள். அவள் அப்பன் நின்றுகொண்டு சிரித்து அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். அவளும் சிரிக்க வாயைத் திறந்தாள், அம்மாவைப் பார்த்து அனுமதி கேட்டாள். சரசா தலையை ஆட்டினாள். அப்புறம் அந்த வீட்டில் கேட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுவாரம் நான் விமானம் ஏறினேன். மருந்துக்குப் பணம் மாதம் தவறாமல் அனுப்பினேன்.

6

தந்தி வந்தது. போக முடியவில்லை. போயிருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

சில வாரம் கழித்து ஒரு காசெட் வந்தது. சரசாவுக்கு எழுத வராது. பக்கத்து வீட்டில் துபாயிலிருந்து வந்த பையனின் டேப் ரிக்கார்டரில் பேசி அனுப்பியிருந்தாள். பார்வதியின் பாட்டுப் பெட்டியில் போட்டுக் கேட்டோம். முதலில் காக்கைச் சத்தம். "பேசலாமுங்களா? ஓடுதுங்களா?" என்று யாரையோ கேட்கிறாள். பிறகு என்னிடம்.

"நங்கையா, மருந்துக் கடக்காரரு சொல்லிப்போட்டாருங்க, இது பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்தரைன்னு. ஊரெல்லாம் பேச்சாயிருச்சு. எங்கண்ணன் வந்து சத்தம் போட்டாரு. நாளைக்குத் தேவிய ஆரு கட்டுவாங்க, பைத்தியக்காரன் புள்ளைன்னு சொல்ல மாட்டாங்களான்னாரு. இவரும் சரின்னுட்டாருங்க. நாந்தான் நல்லா ஆயிட்டனே, புள்ளைக்கு ஒரு பேரு வேண்டாம், நிறுத்திப்போடலாம்னாரு. நான் என்னத்தச் சொல்றதுங்க?"

நிறுத்தியிருக்கிறார்கள்.

"மூணாம் நாளு, வாய்க்காலுக்குப் போனாருங்க. கை கால் கழுவத்தானுங்க. தண்ணி முழங்காலளவுகூட இல்லீங்க. எருமை கட்டப் போன ஆளு பாத்திருக்காரு. குப்புறக் கெடந்தாரு. கூட ஆருமே இல்லீங்க."

அதன் பிறகு அழுகைச் சத்தம்கூட இல்லை. நாடா ஓடும் சத்தம் மட்டும். அவள் எழுந்து போய்விட்டாள், பையனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. காக்கை, பம்ப் செட், தூரத்தில் ஒரு பஸ். பக்கம் முடியும்வரை கேட்டோம்.

அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அந்தப் பம்ப் செட்டும் கேட்டிருக்கும். டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். விழித்துத்தான் இருந்திருப்பானா என்று. என் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரை அவளே கொட்டினாள்.

7

இந்த நோய் சில குடும்பங்களில் ரத்தத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். பார்வதி இப்போது அவன் விழத் தொடங்கிய வயதை நெருங்குகிறாள். வந்தபோது சின்னக் குழந்தை. இப்போது இந்த ஊர்ப் பெண். தமிழ் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும்.

அவள் சிரிக்கும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை. முழங்காலைப் பார்க்கிறேன். எல்லாத் தாய்க்கும் பிள்ளை சிரித்த முகம் ஞாபகம் இருக்கும். எனக்கு முழங்கால்தான் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஒருநாள், "ஏம்மா எப்பவும் என் காலையே பாக்கற?" என்று தமிழில் கேட்டாள். அதன் பிறகு வீட்டில் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். சிநேகிதிகள் வீட்டில் சிரிக்கிறாள். எல்லாச் சனிக்கிழமையும் அங்கேதான். புளியமரத்தடிக்கு ஓடிய தேவி மாதிரி. இவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து தம்பியின் போட்டோவுக்கு விளக்கு ஏற்றினேன். பார்வதி வந்து பக்கத்தில் நின்றாள். மஸ்லின் துணி மாதிரி மழை ஜன்னலுக்கு வெளியே. அவள் இங்கிலீஷில் கேட்டாள். "மாமா சிரித்தால்தான் விழுவார் என்றாய். தனியாகத்தானே இருந்தார். எதற்குச் சிரித்தார்?"

ஒரு வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. மாத்திரையை நிறுத்தியாயிற்று. நன்றாகத்தான் இருக்கிறோமா என்று ஆள் இல்லாத இடத்தில் சோதித்துப் பார்த்திருப்பான். சோதிக்க அவனிடம் ஒரே ஒரு பேச்சுதான் இருந்தது.

அதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். முருகையா பேசியதைச் சொன்னேன். அதிகாரி கேட்டதைச் சொன்னேன். தம்பி செய்த மாதிரி குரலை மாற்றியும் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவள் முழங்காலைப் பார்த்தேன்.

அவள் காத்திருந்தாள். கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தமிழில் தூக்கம் என்றால் உறக்கம், மலையாளத்தில் எடை என்று இங்கிலீஷில் விளக்கினேன். அவள் தமிழிலேயே கேட்டாள்.

"சரி. அதுல என்னம்மா இருக்கு?"

முழங்கால் நேராக நின்றது.

ஒன்றும் இல்லை என்று சொல்லி, விளக்குத் திரியைச் சின்னதாக்கினேன். அந்தப் பேச்சுக்குச் சிரிக்க இனி யாரும் இல்லை.